மேசை மேல் விரித்த கம்பளம்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "இஸ்லாமிய நாகரிகம் மேற்கத்தியக் கலைக்கும் பண்பாட்டுக்கும் உண்மையில் என்ன கொடுத்தது? பழைய கிரேக்க நூல்களைப் பத்திரமாக வைத்திருந்து ஐரோப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதானே? மற்றதெல்லாம் ஊதிப் பெரிதாக்கியது இல்லையா?"

ஊதிப் பெரிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களிடம் பிறகு வருகிறேன். முதலில் அந்த "அவ்வளவுதானே"வைப் பார்ப்போம். அதற்குப் பட்டியல் போடுவதைவிட ஓர் ஓவியத்தின் முன்னால் நிற்பது சுலபம்.

லண்டன் நேஷனல் கேலரியில் ஹான்ஸ் ஹோல்பைன் 1533-இல் வரைந்த 'தூதர்கள்' இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், பெரிய படம். இடப்பக்கம் நிற்பவர் இங்கிலாந்துக்கு வந்த பிரெஞ்சுத் தூதர் ழான் தெ தேன்தவீல். வலப்பக்கம் அவருடைய நண்பர் ஜார்ஜ் தெ செல்வ், லாவூரின் பிஷப். இருவருக்கும் நடுவே இரண்டு தட்டு வைத்த ஓர் அலமாரி. மேல்தட்டில் கம்பளம் விரித்து, அதன்மேல் வான்கோளம், நிழற்கடிகாரங்கள், கோணம் அளக்கும் கருவிகள். கீழ்த்தட்டில் பூகோள உருண்டை, பாதி திறந்த கணக்குப் புத்தகம், நரம்பு ஒன்று அறுந்த லூட் வாத்தியம், பாட்டுப் புத்தகம், புல்லாங்குழல்கள். காலடியில் எதையோ கொட்டியதுபோல நீளமாக ஒரு கறை. ஓரமாகப் போய்ச் சாய்ந்து பார்த்தால் அது மண்டையோடு.

வரைந்தவர் ஜெர்மானியர், படத்தில் இருப்பவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், வரைந்த ஊர் லண்டன். முஸ்லிம் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. ஆனால் அந்த அலமாரியில் இருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்டால், பாதிக்கு மேல் பாக்தாத், கெய்ரோ, முஸ்லிம் ஸ்பெயினின் கொர்தோபா பக்கம் கைகாட்டும்.

கம்பளத்திலிருந்து தொடங்கலாம். அது அனத்தோலியாவில், இன்றைய துருக்கியில், முடிச்சுப் போட்டு நெய்த கம்பளம். சிவப்புத் தரை, எண்கோணங்கள், ஓரத்தில் பின்னிப் பிணைந்த கரை. அதை ஏன் அலமாரி மேல் விரித்திருக்கிறார்கள்? மிதிப்பதற்கு மனசு வராத விலை. அன்றைய ஐரோப்பாவில் துருக்கிக் கம்பளம் மேசைக்கு வரும், சன்னலில் தொங்கும், பெட்டி மேல் கிடக்கும். தரையில் விரித்திருந்தால் அதன்மேல் கால் வைத்திருப்பவர் பெரும்பாலும் அரசர், இல்லாவிட்டால் ஓவியத்தில் வரும் மரியாள். எட்டாம் ஹென்றியின் மந்திரி கார்டினல் வுல்ஸி வெனிஸ் வணிகர்களை நச்சரித்து 1520-இல் ஒரே தடவையில் 60 கம்பளம் வரவழைத்தார். வணிகச் சலுகை கேட்டு வந்தவர்களிடம் வாங்கியது, லஞ்சம் என்றே சொல்லலாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கம்பள வகைகளை வல்லுநர்கள் இன்று ஓவியர்கள் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஹோல்பைன் கம்பளம், லோட்டோ கம்பளம், மெம்லிங் கம்பளம். அசல் கம்பளங்களில் பெரும்பாலானவை நைந்துபோய்விட்டன. எந்தக் கோலம் எந்தக் காலத்தில் புழங்கியது என்பதை ஓவியங்களின் தேதியை வைத்துத்தான் கணக்கிட வேண்டியிருந்தது. வெனிஸில் லொரென்சோ லோட்டோ 1542-இல் முடித்த புனித அந்தோனினுஸ் பலிபீட ஓவியத்தைப் பாருங்கள்: கீழே கைநீட்டும் ஏழைகள், மேலே துறவி, நடுவில் இரண்டு கம்பளங்கள், முடிச்சு எண்ணலாம் போல. நெய்த கையின் பெயர் எங்கும் இல்லை. வரைந்தவர் பெயர் கம்பளத்துக்கு வந்துவிட்டது.

அடுத்து வான்கோளம். அதில் விண்மீன் கூட்டங்கள் வரைந்திருக்கின்றன. அன்றைக்கும் இன்றைக்கும் ஐரோப்பியர் நாவில் இருக்கும் பிரகாசமான நட்சத்திரங்களின் பெயர்களில் பல அரபு. நாம் ரோகிணி என்பதை அவர்கள் அல்டெபரான் என்கிறார்கள். 'பின்தொடர்வது' என்று பொருள், கார்த்திகைக் கூட்டத்தின் பின்னால் வருவதால். நம் திருவோணம் அவர்களுக்கு அல்டெயர், திருவாதிரை பீட்டல்ஜூஸ். 'டெனெப்' என்றால் வால், அவ்வளவுதான்.

கணக்குப் புத்தகம் ஜெர்மன் கணிதர் பீட்டர் அப்பியான் 1527-இல் வணிகர்களுக்காக வெளியிட்டது. வகுத்தல் கணக்குப் பக்கத்தில் திறந்திருக்கிறது. ரோமன் எண்களில் வகுத்தல் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கத்தின் அருமை தெரியும். அந்த எண்கள் இந்தியாவில் பிறந்து, 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் கணிதர் அல் குவாரிஸ்மி கையில் நூலாகி, மேற்கே போனவை. அவர் பெயர் லத்தீன் வாயில் திரிந்து திரிந்து 'அல்காரிதம்' ஆனது. பீசா நகரத்து ஃபிபொனாச்சி இந்தக் கணக்கைத் தன் ஊரில் படித்தவர் அல்லர். அவர் அப்பா வட ஆப்பிரிக்காவின் புகியா துறைமுகத்தில் பீசா வணிகர்களுக்காகச் சுங்க வேலை பார்த்தார். பையன் அங்கே போய்க் கற்றுக்கொண்டு, 1202-இல் புத்தகமாக எழுதினார். 'இந்தியர்களின் ஒன்பது இலக்கங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார், மறைக்கவில்லை. சூனியம் அரபியில் 'ஸிஃப்ர்' ஆகி, அவர் லத்தீனில் 'ஸெஃபிரம்' ஆகி, இத்தாலியனில் தேய்ந்து 'ஸீரோ' ஆகிவிட்டது. ஆனாலும் 1299-இல் புளோரன்ஸ் நாணயமாற்றுச் சங்கம் கணக்கேட்டில் இந்த எண்களை எழுதக் கூடாது என்று தடை போட்டது. 0-வை 6 ஆக்குவதும் 9 ஆக்குவதும் எவ்வளவு நேரம்?

சரி, லூட்.

அரபியில் 'அல் ஊத்'. ஊத் என்றால் மரக்கட்டை. ஸ்பெயின் வழியாகவும் சிசிலி வழியாகவும் அது ஐரோப்பாவுக்குள் வந்தபோது முன்னால் இருந்த 'அல்' பாதி உதிர்ந்தது. போர்த்துக்கீசியர் இன்னும் முழுதாக 'அலாவூத்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'அல்' போய் அதன் 'ல்' மட்டும் ஒட்டிக்கொண்டு 'லூட்'.

வாத்தியத்தின் அமைப்பைப் பார்த்தாலே உறவு தெரியும். நம் தஞ்சாவூர் வீணைக்குக் குடத்தைப் பலாமரத்தில் குடைந்து எடுப்பார்கள். ஊத்தின் வயிறு அப்படி அல்ல. மெல்லிய மரச் சிம்புகளைச் சூடுகாட்டி வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பாதிப் பேரிக்காய் மாதிரி ஆக்குவது. லூட்டும் அப்படியே. பிருடைகள் இருக்கும் தலைப்பகுதி பின்னோக்கி மடங்கியிருக்கும். அதுவும் அப்படியே. ஐரோப்பியர் செய்த மாற்றம் இரண்டு. ஊத்துக்கு மெட்டு கிடையாது, விரல் எங்கே நழுவினாலும் ஒரு சுரம் பிறக்கும். அவர்கள் கழுத்தைச் சுற்றி நரம்பைக் கட்டி மெட்டு வைத்தார்கள். அப்புறம் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறகுத் துண்டால் மீட்டுவதை விட்டு விரல் நுனிகளால் மீட்டத் தொடங்கினார்கள். இந்த இரண்டாவது மாற்றம் சின்னதாகத் தெரியும், விளைவு பெரிது. ஒற்றை இறகால் ஒரு பாட்டு வரியைத்தான் வாசிக்கலாம். நாலு விரல் இறங்கினால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குரல்கள் ஓடும். ஐரோப்பிய இசை அப்போது போய்க்கொண்டிருந்த திசையே அதுதான்.

கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்ததற்குச் சித்திரம் இருக்கிறது. காஸ்டீல் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ, 1252 முதல் 1284 வரை ஆண்டவர், மரியாளைப் பாடும் 400-க்கு மேற்பட்ட பாடல்களைத் தொகுக்கச் செய்தார். அந்தச் சுவடியின் ஓவியங்களில் ஒன்றில் தலைப்பாகை கட்டிய ஒரு மூர் (ஸ்பெயின் முஸ்லிம்) கலைஞரும் ஒரு கிறிஸ்தவக் கலைஞரும் எதிரெதிரே உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கிறார்கள்.

இதைப் படிக்கும் கச்சேரி ரசிகர்களுக்கு இன்னொன்று. நரம்பை வில்லால் இழுத்து வாசிக்கும் பழக்கம் மத்திய ஆசியப் பக்கம் தோன்றி, 10-ஆம் நூற்றாண்டு வாக்கில் இஸ்லாமிய நாடுகளிலும் கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்திலும் பரவி, அங்கிருந்துதான் ஐரோப்பாவுக்குள் போனது. அரபு 'ரபாப்' அங்கே 'ரெபெக்' ஆனது. வயலினுக்கு மூதாதைகள் பலர், அவர்களில் ரெபெக்கும் ஒருவர். அந்த வயலினைப் பாலுசுவாமி தீட்சிதர் கற்று நம் பாட்டுக்குள் கொண்டுவந்தது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

இப்போது காலடியில் கிடக்கும் மண்டையோடு. அது கருத்தில் முழுக்க ஐரோப்பியச் சரக்கு: "எவ்வளவு படித்தாலும் சாவு உண்டு". ஆனால் அதை அப்படி இழுத்து வரைவதற்குக் கண் எப்படிப் பார்க்கிறது என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கின் வேர் கெய்ரோவில் இருக்கிறது.

இப்னு அல் ஹைதம், பஸ்ராவில் ஏறத்தாழ 965-இல் பிறந்து, கெய்ரோவில் 1040 வாக்கில் இறந்தவர். பழைய கிரேக்க அறிஞர்கள் யூக்ளிடும் தாலமியும் கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் பொருளைத் தொடுகிறது என்றார்கள். இவர் அதைத் திருப்பிப் போட்டார். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசையிலும் நேர்கோட்டில் போகிறது. அதில் கண்ணுக்கு வந்து சேர்வது ஒரு கூம்பு. இருட்டறையில் சின்னத் துளை வழியாக ஒளியை விட்டுச் சோதித்தும் பார்த்தார். 1200 வாக்கில் இந்த நூல் லத்தீனுக்குப் போனது, 14-ஆம் நூற்றாண்டில் இத்தாலியனுக்கும் போனது. புளோரன்ஸின் புகழ்பெற்ற வெண்கலக் கதவுகளைச் செய்த சிற்பி கிபெர்ட்டி, தன் குறிப்பேட்டில் பார்வையைப் பற்றி எழுதும் இடங்களில் இந்த நூலிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துப் போட்டிருக்கிறார். 1435-இல் கட்டடக் கலைஞர் அல்பெர்ட்டி ஓவியத்துக்கு ஓர் இலக்கணம் எழுதினார்: கண்ணை நுனியாகக் கொண்ட பார்வைக் கூம்பைக் குறுக்கே வெட்டினால் வரும் தளம்தான் ஓவியம் என்று. கூம்பு எந்த வழியாக வந்தது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். இப்னு அல் ஹைதம் ஓவியம் வரையச் சொல்லித் தரவில்லை. புளோரன்ஸ்காரர்கள் செய்ததை அவர் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் ஊர்க் கலைஞர்கள் அதே வடிவக் கணிதத்தை வேறு வழியில் கொண்டுபோனார்கள்: முடிவே இல்லாமல் நட்சத்திரமும் பலகோணமுமாகப் படரும் சுவர்கள், தேன்கூடு போலக் கூரையிலிருந்து இறங்கும் முகர்னஸ் வேலை. அதையும் ஐரோப்பா விடவில்லை. லியொனார்டோ பின்னல் முடிச்சுகளாக வரைந்து தள்ளினார், ட்யூரர் அவற்றைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கினார். 'அராபெஸ்க்' என்ற சொல்லே அப்படி வந்ததுதான்.

இதனால்தான், பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள் என்று அவர்களை வெறும் 'தபால்காரர்' ஆக்குவது எனக்கு ஒட்டவில்லை. கடிதத்தைப் பிரித்துப் படித்து, தப்பைத் திருத்தி, கீழே பத்துப் பக்கம் எழுதிச் சேர்த்து அனுப்பினவரைத் தபால்காரர் என்றா சொல்வோம்? கிரெமோனா ஊர் ஜெரார்டு தாலமியின் வானியல் நூலைத் தேடித்தான் 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோவுக்குப் போனார். வந்த வேலையோடு திரும்பிப் போகவில்லை. சாகும்வரை அங்கேயே இருந்து 70-க்கு மேற்பட்ட நூல்களை அரபியிலிருந்து பெயர்த்தார். கிரேக்க நூல்கள் மட்டும் என்றால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: 'இஸ்லாமிய நாகரிகம்' என்றால் முஸ்லிம்கள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாக்தாதின் மிகச்சிறந்த மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறிஸ்தவர். தாபித் இப்னு குர்ரா நட்சத்திரங்களை வழிபட்ட சாபியர். அரபியில் எழுதிய மைமோனிடிஸ் யூதர்.

ஹோல்பைன் அலமாரியில் இல்லாத ஒரு சங்கதி எனக்கு இவை எல்லாவற்றையும்விடச் சுவையானது. ஐரோப்பாவின் மிகப் புனிதமான இடங்களுக்குள் முஸ்லிம் நாட்டுப் பொருள்கள் நுழைந்த கதை.

பிரான்ஸின் தெற்கே ஆப்ட் என்ற ஊர்ப் பேராலயத்தில் மரியாளின் தாய் அன்னாளின் முக்காடு என்று ஒரு துணியை நூற்றாண்டுகளாக வணங்கி வந்தார்கள். அது எகிப்தின் தமியெத்தாவில் 1096-97-இல் நெய்த லினன் துணி. அதிலேயே ஃபாத்திமியக் கலீஃபா அல் முஸ்தஅலியின் பெயர் அரபியில் பட்டும் பொன்னுமாக இருக்கிறது. முதல் சிலுவைப் போரிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்திருக்க வேண்டும். பீசா பேராலயத்தின் கூரை உச்சியில் கழுகுத் தலையும் சிங்க உடலுமாக, நம் யாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி போல, ஒரு மீட்டருக்கு மேல் உயரமான வெண்கல மிருகம் 1828 வரை நின்றது. அதன் உடம்பைச் சுற்றி அரபியில் உரிமையாளருக்கு வாழ்த்து. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் 'புனித லூயியின் ஞானஸ்நானத் தொட்டி' இருக்கிறது: எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்தில் பித்தளையில் வெள்ளியும் தங்கமும் பதித்துச் செய்தது. செய்தவர் முஹம்மது இப்னு அல் ஜைன். ஒரு தடவைக்கு ஆறு தடவை தன் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார். பிரெஞ்சு அரசர் புனித லூயி 1270-இல் இறந்துவிட்டார், தொட்டி அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் உருவானது. பெயர் வெறும் பெயர்தான். ஆனால் 1606-இல் குழந்தை பதின்மூன்றாம் லூயிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது நிஜமாகவே இதில்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஓவியர்கள் என்ன செய்வார்கள்? மரியாளின் முந்தானைக் கரையில், தலையைச் சுற்றிய ஒளிவட்டத்தில், அரபு எழுத்துப் போலவே கோடு இழுத்தார்கள். படிக்க வராது, பெரும்பாலும் எழுத்தே இல்லை. புளோரன்ஸ் உஃபிட்சி அருங்காட்சியகத்தில் ஜென்தீலெ த ஃபப்ரியானோ 1423-இல் முடித்த 'ஞானியர் வணக்கம்' இருக்கிறது. குழந்தை இயேசுவை ஏந்திய மரியாளின் ஒளிவட்டத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நடுநடுவே பூ வைத்துப் பிரித்து, பிரிவுக்குப் பிரிவு அரபுச் சாயல் எழுத்து. மம்லூக் பித்தளைத் தட்டின் விளிம்பு அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். கேலிக்கோ கலப்புக்கோ செய்ததல்ல. பாலஸ்தீனப் பக்கத்திலிருந்து வரும் துணியிலும் தட்டிலும் இருக்கும் எழுத்து ஆண்டவர் காலத்து எழுத்தாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்கள் என்பது பலருடைய விளக்கம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அழகாக இருக்கிறது, விலை அதிகம், புண்ணிய பூமியிலிருந்து வருகிறது. மரியாளுக்கு அதைவிடக் குறைந்ததையா உடுத்துவார்கள்?

பீங்கான் கதையைச் சுருக்கிவிடுகிறேன். 9-ஆம் நூற்றாண்டில் சீனத்து வெண்பீங்கானைப் பார்த்த இராக் குயவர்களிடம் அந்த மண் இல்லை. சாதாரண மண்பாண்டத்துக்கு ஈயத்தோடு வெள்ளீயம் கலந்து பூச்சு கொடுத்து வெளுக்க வைத்தார்கள், அதன்மேல் நீலத்தில் எழுதினார்கள், உலோகப் பளபளப்பும் ஏற்றினார்கள். அந்தக் கைப்பக்குவம் எகிப்து, மாலகா, வலென்சியா அருகே மனிசெஸ் என்று நடந்து இத்தாலியில் 'மயோலிகா' ஆனது. பிறகு ஹாலந்தில் டெல்ஃப்ட் நீலம் ஆனது. சீனத்தைப் பார்த்துப் போட்ட பிரதியின் பிரதியின் பிரதி.

காபியும் சுருக்கமாகத்தான். யேமனில் சூஃபிகள் இரவு திக்ருக்கு, அதாவது இறைவன் பெயரை ஓதும் கூட்டத்துக்கு, தூக்கம் வராமல் இருக்கக் குடித்தது. 16-ஆம் நூற்றாண்டு நடுவில் இஸ்தான்புல்லில் காபிக்கடை, 1652-இல் லண்டனில். உட்கார்ந்து செய்தித்தாள் படித்து, அரசியல் பேசி, கப்பல் காப்பீடு வரைக்கும் போட்ட இடங்கள் அவை. வியன்னாவில் 1683 முற்றுகையின்போது துருக்கியர் விட்டுப்போன மூட்டைகளை வைத்து ஓர் ஒற்றர் முதல் கடை திறந்தார் என்ற கதை பிற்காலக் கற்பனை. உரிமம் பெற்று முதலில் திறந்தவர் ஓர் ஆர்மீனியர், 1685-இல். மற்றபடி, கஹ்வா துருக்கியில் கஹ்வே ஆகி, ஐரோப்பா சுற்றி, ஆங்கிலேயரோடு வந்து நம் டபராவில் விழுந்தது.

முற்றுகைக்கு வந்த படையோடு வாத்தியக் கோஷ்டியும் வந்தது. பெரிய முரசு, தாளத்தகடுகள், ஊதுகருவிகள். பயம் தெளிந்ததும் ஐரோப்பிய ராணுவங்கள் தாங்களும் 'துருக்கி இசை' வைத்துக்கொண்டன. 1782-இல் மோட்சார்ட் துருக்கி அரண்மனைக் கதையை ஓபெராவாக்கியபோது முரசு, தாளத்தகடு, முக்கோணம் மூன்றையும் சேர்த்தார். 1824-இல் பேத்தோவன் ஒன்பதாம் சிம்ஃபனியின் கடைசிப் பகுதியில், மனிதர் எல்லாரும் சகோதரர் என்ற பாட்டின் நடுவே, அதே துருக்கி நடை திடீரென்று வருகிறது. இன்று ராக் கச்சேரிகளில் அடிக்கும் ஜில்ஜியன் தகடுகள், 17-ஆம் நூற்றாண்டு இஸ்தான்புல்லின் ஆர்மீனியக் கன்னார் குடும்பம் ஒன்றின் பெயர். 'தாளம் செய்கிறவர்' என்பதுதான் அந்தப் பட்டத்தின் அர்த்தம். அதற்கும் முன்னே, சிலுவைப் போர்க் காலத்திலேயே, ஒரு ஜோடி முரசு ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. அரபியில் 'நக்காரா', பழைய பிரெஞ்சில் 'நகேர்'. நம் ஊர்க் கோவிலிலும் தர்காவிலும் அதற்குப் பெயர் நகரா.

இனி ஊதிப் பெரிதாக்கும் சமாசாரம். கோதிக் தேவாலயத்தையே முஸ்லிம்கள் கொடுத்தார்கள் என்று இப்போது அடிக்கடி கேட்கிறோம். கூர்முனை வளைவு கெய்ரோவின் இப்னு துலூன் மசூதியில் 879-லேயே வரிசை வரிசையாக இருக்கிறது, வாஸ்தவம். அது சிசிலி, தென் இத்தாலி வழியாக வடக்கே போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் கூர்வளைவு, விலாவெலும்பு போன்ற கூரை, வெளியிலிருந்து முட்டுக்கொடுக்கும் தாங்கு வளைவு, வண்ணக் கண்ணாடி இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சுவரையே மறைய வைத்தது 1140-களிலிருந்து பாரிஸைச் சுற்றியிருந்த கொத்தனார்களின் சாமர்த்தியம். செங்கல் கொடுத்தவரும் வீடு கட்டியவரும் ஒருவரல்லர். கொர்தோபாவுக்கு 822-இல் வந்த பாடகர் ஸிர்யாப் பற்றி, பற்பசை முதல் மூன்று வரிசைச் சாப்பாடு வரை எல்லாம் அவர் கொடுத்தது என்பார்கள். அந்தக் கதைகளில் நிறைய, 800 வருடம் கழித்து எழுதிய ஒருவரை நம்பி நிற்பவை.

இத்தாலியக் கவி தாந்தே, நரகமும் சொர்க்கமும் சுற்றிவரும் தன் காவியத்துக்கு இஸ்லாமியக் கதையிலிருந்து எடுத்தாரா என்ற விஷயம் இன்னும் தீரவில்லை. நபிகளின் விண்ணேற்றத்தைச் சொல்லும் 'ஏணி நூல்' 1264-இல் அல்ஃபோன்சோ அரண்மனையிலிருந்து லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போனது. தாந்தே பிறந்தது அடுத்த ஆண்டு. 1919-இல் ஆசின் பலாசியோஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் இரண்டு கதைகளுக்கும் உள்ள ஒற்றுமைகளைப் பட்டியல் போட்டபோது இத்தாலிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். தாந்தே அதைப் படித்தார் என்று நிரூபிக்கும் ஒரு வரியும் கிடைக்கவில்லை. நான் அதைக் 'கேட்டிருக்கலாம்' பக்கத்தில் வைக்கிறேன். கதைகள் போனதற்குச் சந்தேகமற்ற சான்று வேண்டுமென்றால் நம் பஞ்சதந்திரம் இருக்கிறது: பாரசீகம் போய், 8-ஆம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா கையால் அரபியில் 'கலீலா வ திம்னா' ஆகி, ஹீப்ரு, லத்தீன் என்று தாவி, 1678-இல் பிரெஞ்சு நீதிக்கதைக் கவி லா ஃபோந்தேனிடம் சேர்ந்தது. அவர் முன்னுரையில் இந்திய அறிஞர் பில்பாய்க்கு நன்றி சொல்கிறார்.

போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. டமாஸ்கஸ் பெரிய மசூதியின் 8-ஆம் நூற்றாண்டுச் சுவர் மொசைக்குகள் பைசாந்தியப் பாணி. 1479-இல் வெனிஸோடு சமாதானம் ஆனதும் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் கேட்டது ஒரு நல்ல ஓவியரை. வெனிஸ் ஜென்தீலெ பெல்லினியை அனுப்பியது. அவர் வரைந்த சுல்தான் உருவப்படத்தில் 1480 நவம்பர் 25 என்று தேதி இருக்கிறது.

இவ்வளவும் வாங்கியவர்களுக்கு யாரிடமிருந்து வாங்குகிறோம் என்று தெரியுமா என்றால், ஊருக்கு ஊர் வேறு பதில். ஆப்ட் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. பலெர்மோவில் நன்றாகத் தெரியும்.

பலெர்மோ சிசிலித் தீவின் தலைநகர். சிசிலியை முஸ்லிம்களிடமிருந்து பிடித்தவர்கள் பிரான்ஸின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள். 1130-இல் அங்கே முடிசூடிய இரண்டாம் ரோஜர் அரபு அதிகாரிகளை வைத்து ஆண்டார். புவியியலாளர் அல் இத்ரீசியை வரவழைத்து உலகப்படம் போடச் சொன்னார். 1154-இல் முடிந்தது, தெற்கு மேலே இருக்கும். அவருடைய அரண்மனைத் தேவாலயத்தில் சுவரெல்லாம் கிரேக்கர் கைவேலையில் தங்க மொசைக். அண்ணாந்து பார்த்தால் முகர்னஸ் மரக்கூரை, அதில் ஊத் வாசிப்பவர்கள், ஆடுபவர்கள், கோப்பையோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர்கள். 'இஸ்லாமியக் கலையில் உருவமே கிடையாது' என்பவர்களை நான் அனுப்பி வைப்பது இந்தக் கூரைக்குத்தான். ரோஜர் இறந்து 30 ஆண்டு கழித்து, 1184 கடைசியில் அந்தப் பக்கம் வந்த பயணி இப்னு ஜுபைர், பலெர்மோவின் கிறிஸ்தவப் பெண்கள் கிறிஸ்துமஸுக்குப் பொன்னிழைப் பட்டு உடுத்தி, முக்காடிட்டு, வாசனை பூசி, முஸ்லிம் பெண்களைப் போலவே போனதை எழுதி வைத்திருக்கிறார்.

அந்த ரோஜருக்காகச் செய்த அங்கி ஒன்று இப்போது வியன்னா அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிறது. சிவப்புப் பட்டு, விரித்தால் மூன்று மீட்டருக்கு மேல் அகலமான அரைவட்டம். நடுவில் ஒரு பனை. அதன் இருபக்கமும் ஒரு சிங்கம் ஓர் ஒட்டகத்தை அடித்து வீழ்த்துகிறது. எல்லாம் பொன்னிழை, ஓரமெல்லாம் முத்து. பின்னாளில் இது புனித ரோமப் பேரரசர்களின் முடிசூட்டு அங்கி ஆனது. வியன்னாவைத் துருக்கிப் படை சூழ்ந்து நின்ற நூற்றாண்டிலும், அதற்கு முன்னும் பின்னும், பாதிரியார்கள் புடைசூழ அந்தப் பேரரசர்கள் தோளில் போர்த்தியது இதைத்தான். கடைசித் தடவை 1792. கீழ்க்கரை நெடுக ஓர் எழுத்து வரிசை ஓடுகிறது. இது ஜென்தீலெ ஓவியத்தில் வருவது போன்ற பொய்யெழுத்து அல்ல, திருத்தமான கூஃபி எழுத்து, எதுகை மோனையோடு அரபு உரைநடை. அரச கருவூலத்தில் செய்தது என்று தொடங்கி, இன்பமும் பெருமையும் செல்வாக்கும் நீடிக்கட்டும், பகலும் இரவும் குறையில்லாமல் கழியட்டும் என்று வாழ்த்தி, கடைசியில் ஊரையும் ஆண்டையும் சொல்லி நிற்கிறது. ஊர், சிசிலியின் தலைநகர். ஆண்டு 528, ஹிஜ்ரிக் கணக்கில்.